காற்றோட்ட உணரி: நிறையா, திணிவா?

சிவசுப்பிரமணியர் ஆலயத்தால் புலம்பெயர் தமிழர் நன்கறிந்த அட்லிஸ்வில்லிலிருந்து பெல்செனெக் குன்றுக்கு 1954 முதல் கம்பிவட ஊர்தி செல்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரும் அவ்வழியில் காற்றின் அடர்த்தி 3 விழுக்காடு அளவில் குறைகிறது. மகிழுந்து எஞ்சினுக்கு இது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடு: 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆதலின் காற்றின் கனவளவை மட்டும் அறிதல் போதாது.

சூடிழை வகை உணரியில், மின்னோட்டத்தால் சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பி, உட்செல்லும் காற்றைவிடக் குறித்த அளவு மிகுந்த வெப்பநிலையில் நிறுத்தப்படுகிறது. காற்று அதனைக் குளிர்விக்கும். அவ்விழப்பை ஈடுசெய்யும் மின்னோட்டமே அளவீடு. அடர்ந்த காற்று மிகுதியாகக் குளிர்விப்பதால் உயரத்திற்கெனத் தனித் திருத்தம் வேண்டுவதில்லை. கம்பியின் இடத்தில் இன்று மென்படலமே பெருவழக்கு.

இங்ஙனம் அளக்கப்படுவதற்குப் பெயர் என்ன? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது ‘நிறை’. இலங்கைப் பாடநூல்களில் ‘திணிவு’. அங்கு ‘நிறை’ எனின் எடையே. எனவே ‘நிறைப் பாய்வு உணரி’ என்பதை ஈழத்து நூல்களில் பயின்ற அட்லிஸ்வில் வாசகர் எடையெனவே கொள்வர். ‘திணிவுப் பாய்வு உணரி’ என்பதையே இக்கட்டுரை முன்மொழிகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு அச்சொல் புதிதாகத் தோன்றலாம், ஆயின் வேறொன்றாகப் பொருள்படாது.