பழைய விசைப்பலகைகளை இனங்காணல்

மஞ்சள் நிறமுடைய அணிகலன் ஒன்றைப் பொற்கொல்லரிடம் கொடுத்தால், அதன் நிறத்தை மட்டும் கண்டு அவர் அதனைப் பொன் என்று கூறிவிடமாட்டார். கையில் வைத்து எடையை உணர்வார். உரைகல்லில் உரைத்து மாற்றினைக் காண்பார். அதன் பின்னரே தம் கருத்தைக் கூறுவார். பழைய கணிப்பொறிகளின் விசைப்பலகைகளை ஆராய்வோரும் இம்முறையையே மேற்கொள்கின்றனர். புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் காணப்படும் இரண்டு பலகைகள் அகத்தே முற்றிலும் வேறுபட்டிருத்தல் கூடும். அவ்வேறுபாட்டைக் கண்ணாலும் காதாலும் விரலாலும் அறிந்துகொள்ளும் வழிகளை இப்பாடத்தில் காண்போம்.

விசைப்பலகை கணிப்பொறிக்கு முற்பட்டது. 1868-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவரும் அவர்தம் நண்பர்களும் தட்டச்சுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். 1874-இல் ரெமிங்டன் நிறுவனத்தார் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். தட்டச்சுப்பொறியில் விரலின் ஆற்றல் நெம்புகோலை அசைத்து, அச்செழுத்தைத் தாளின்மீது மோதச் செய்யும். அச்செயல் முழுவதையும் நாம் கண்ணாரக் காணலாம். கணிப்பொறியின் விசைப்பலகையோ அத்தகையதன்று. அதில் விரலின் அழுத்தம் ஒரு மின்குறியாக மாறுதல் வேண்டும். அம்மாற்றத்தைச் செய்வது விசையின் அடியில் மறைந்துள்ள சுவிட்சு ஆகும். மறைந்திருத்தலினாலேயே அதனை இனங்காண்பது ஒரு கலையாயிற்று.

இனங்காணாமற் போனால் விளையும் தீங்கு யாது? ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 1983-இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் லிசா என்னும் கணிப்பொறியின் விசைகளுக்கு அடியில் பஞ்சு போன்ற நுரைத்துண்டுகள் உள்ளன. அவற்றின் அடிப்புறத்தில் உலோகப் பூச்சுடைய மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் அத்தகடு கீழுள்ள மின்சுற்றுப் பலகையை நெருங்கும், அங்குள்ள மின்தேக்குதிறன் மாறும், எழுத்து பதிவாகும். ஆண்டுகள் பல சென்றபின் நுரை உளுத்துப் பொடியாகிவிடுகின்றது. விசைகளும் செயலற்றுப் போகின்றன. இதனை அறியாத ஒருவர், உலோக முனைகள் அழுக்கேறிவிட்டன என்று கருதித் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைத்தற்கு அங்கே முனைகளே இல்லை! இறுதியில் அவர் பலகையைக் குப்பையில் எறிந்துவிடுவார். நுரைத்துண்டுகளை மாற்றினால் போதும் என்று அறிந்தவரோ அதற்கு மீண்டும் உயிரூட்டுவார். நோய் இன்னதென்று அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும் என்பது கருவிகளுக்கும் பொருந்தும் அன்றோ?

இனிச் சுவிட்சுகளின் வகைகளைப் பார்ப்போம். அவற்றுள் புகழ் பெற்றது, வளையும் சுருள்வில் கொண்ட வகையாகும். ரிச்சர்டு ஹண்டர் ஹாரிஸ் என்னும் ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர் இதனை வகுத்து, 1978-இல் காப்புரிமை பெற்றார். விசையை அழுத்தும்பொழுது அதனடியில் நிமிர்ந்து நிற்கும் சுருள்வில் ஓர் எல்லைவரை தாங்கும்; பின்னர்த் திடீரென்று பக்கவாட்டில் வளைந்து, குழாயின் சுவரில் மோதிக் ‘கிளிக்’ என்று ஒலிக்கும். எழுத்துப் பதிவாயிற்று என்பதை விரலும் செவியும் ஒருங்கே அறியும்.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியின் பலகை ‘மாடல் எஃப்’ எனப்பட்டது. அதற்கு 83 விசைகள். அதில் சுருள்வில் வளையும்பொழுது சிறு தகடு ஒன்று சாய்ந்து மின்தேக்குதிறனை மாற்றும். 1985-இல் தோன்றிய ‘மாடல் எம்’ பலகையில், சுருள்வில் ஒரு சிறு சுத்தியலைச் சாய்த்து, மின்கோடுகள் தீட்டிய மென்தாள்களை ஒன்றோடொன்று அழுத்தும். இதன் பரவலான வடிவத்திற்கு 101 விசைகள். முன்னதில் பத்துச் செயல்விசைகள் இடப்பக்கத்தே இரண்டு வரிசையாக நிற்கும். பின்னதில் பன்னிரண்டு செயல்விசைகள் மேல் வரிசையில் அமைந்திருக்கும். மாடல் எம் பலகையைத் திருப்பிப் பார்த்தால், அது செய்யப்பட்ட நாளைக் குறிக்கும் சீட்டைக் காணலாம். அதனைப் பலகையின் பிறப்புச் சான்று எனலாம்.

ஆயினும் சீட்டை மட்டும் நம்புதல் தகாது. மாடல் எம் என்னும் பெயரோடு, ஓசையில்லா இரப்பர் அமைப்புக் கொண்ட பலகைகளும் வெளிவந்தன. விசைமூடியை எடுத்துப் பார்த்தலே ஐயத்தைத் தீர்க்கும் வழியாகும். உள்ளே சுருள்வில் நிமிர்ந்து நின்றால் அது முதல் வகை. கவிழ்த்த கிண்ணம் போன்ற இரப்பர் குமிழ் காணப்பட்டால் அது மற்றொன்று.

அடுத்து, 1980-களில் பரவிய செர்ரி எம்.எக்ஸ். வகை. விசைமூடியை நீக்கியவுடன் கூட்டல் குறி போன்ற தண்டு கண்ணுக்குத் தெரியும். தண்டின் நிறம் அதன் இயல்பைக் கூறும். கறுப்பு நிறத்தண்டு தடையின்றி வழுக்கிச் செல்லும். நீல நிறத்தண்டு இடையே ஒரு தடை காட்டி ஒலியெழுப்பும். பழுப்பு நிறத்தண்டு தடை காட்டும், ஆனால் ஒலிக்காது. பிற்காலத்தில் வேறு நிறுவனத்தாரும் இத்தண்டின் வடிவத்தை மேற்கொண்டனர். ஆதலின் சுவிட்சின் மேற்கூட்டில் செர்ரி என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளதா என்றும் நோக்குதல் வேண்டும்.

ஜப்பான் நாட்டின் ஆல்ப்ஸ் நிறுவனத்துச் சுவிட்சுகளில் கூட்டல் குறியைக் காண இயலாது. அவற்றின் தண்டில் நீள்சதுரமான துளை ஒன்று இருக்கும். விசைமூடியின் அடிப்புறத்து நாக்கு அத்துளைக்குள் பொருந்தும். இங்கும் நிறங்கள் பலவுண்டு. நீலமும் வெண்மையும் ஒலிப்பன; ஆரஞ்சு நிறம் ஒலியின்றித் தடை காட்டுவது; மஞ்சள் தடையின்றிச் செல்வது. 1987-இல் வெளிவந்த ஆப்பிள் விரிவு விசைப்பலகையில் ஆரஞ்சு நிற ஆல்ப்ஸ் சுவிட்சுகளைக் காணலாம். ஆனால் அதே பெயருடைய வேறு சில பலகைகளில் இளஞ்சிவப்பு நிறச் சுவிட்சுகள் உள்ளன. ஒரே பெயர், ஒரே வடிவம். அகத்தே வேறு உறுப்புகள்.

உலோக முனைகளே இல்லாத வகையும் ஒன்றுண்டு. காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட கடத்தியில் மின்னோட்டம் செல்லும்பொழுது, அதன் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பதை எட்வின் ஹால் என்னும் அறிஞர் 1879-இல் கண்டறிந்தார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1968-இல், ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிட்ச் பிரிவினர் அவ்வுண்மையை விசைப்பலகைக்குப் பயன்படுத்தினர். விசையோடு சேர்ந்து ஒரு காந்தம் இறங்கும். அருகிலுள்ள நுண்சில்லு அதனை உணரும். உராயும் முனைகள் இன்மையால் அவை தேய்ந்து பழுதாதலும் இல்லை.

சுவிட்சைப் போலவே விசைமூடியின்மேல் எழுத்து அமைந்துள்ள முறையும் பல செய்திகளைக் கூறும். அம்முறைகள் பெரும்பாலும் நான்கு. முதலாவது இருவார்ப்பு முறை. ஒரு நிறப் பிளாஸ்டிக்கில் எழுத்தை வார்த்து, அதனைச் சூழ மற்றொரு நிறப் பிளாஸ்டிக்கில் மூடியை வார்ப்பர். மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் உட்புறத்திலும் இரண்டு நிறங்கள் தெரியும். எழுத்தே ஒரு தனிப் பொருளாகையால், மூடி எவ்வளவு தேய்ந்தாலும் எழுத்து அழியாது.

இரண்டாவது சாயமேற்றும் முறை. கற்பூரம் உருகி நீராகாமல் நேரே ஆவியாதலை நீங்கள் அறிவீர்கள். அதனைப் பதங்கமாதல் என்பர். அதுபோலவே சாயமும் வெப்பத்தால் ஆவியாகிப் பிளாஸ்டிக்கினுள் ஊடுருவிச் செல்கின்றது. விரலால் தடவினால் மேடோ பள்ளமோ புலப்படாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் எழுத்தின் ஓரம் சற்றே கசிந்தாற்போல் தோன்றும். மாடல் எம் பலகையின் எழுத்துகள் இத்தகையன. சாயம் பிளாஸ்டிக்கைக் கருமையாக்குமேயன்றி வெண்மையாக்காது. ஆதலின் பழைய பலகை ஒன்றில் கரிய மூடியின்மேல் வெண்ணிற எழுத்தைக் கண்டால், அது இம்முறையால் எழுதப்பட்டதன்று என்று துணிந்து கூறலாம்.

மூன்றாவது மைப்பதிவு. மை மேற்பரப்பில் படிந்திருத்தலால் விரல் நுனிக்குச் சற்றே மேடாகத் தோன்றும்; அடிக்கடி பயன்படும் எழுத்துகள் முதலில் அழியும். நான்காவது லேசர் ஒளியால் சுட்டு எழுதுதல். அவ்விடம் சாம்பல் அல்லது பழுப்பு நிறமாகவும், தொட்டால் சற்றே சொரசொரப்பாகவும் இருக்கும்.

மூடி செய்யப்பட்ட பிளாஸ்டிக் எது என்பதையும் அறியலாம். பெரிதும் வழங்கியவை ஏ.பி.எஸ்., பி.பி.டி. என்னும் இரண்டு. முன்னது நாளடைவில் விரல் பட்டு வழவழப்பாகிப் பளபளக்கும். ஒளி பட்டு மஞ்சளிக்கும். பின்னது நெடுங்காலம் சொரசொரப்பு மாறாதிருக்கும். சில பலகைகளில் மற்ற விசைகள் வெளுப்பாக இருக்க, இடைவெளி விசை மட்டும் மஞ்சளித்திருக்கும். நீண்ட உறுப்பைப் பி.பி.டி.யில் வார்த்தால் குளிரும்பொழுது அது வளைந்துவிடும் என்பதனால், அதனை மட்டும் ஏ.பி.எஸ்.ஸில் வார்த்தனர். ஐயம் நீங்காவிடின் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். உப்பு மேலும் கரையாத அளவுக்குக் கரைத்த நீரில் மூடியை இட்டு, ஒட்டிய காற்றுக் குமிழிகளை நீக்கினால், ஏ.பி.எஸ். மிதக்கும், அடர்த்தி மிகுந்த பி.பி.டி. மூழ்கும். இச்சோதனையால் மூடிக்கு ஊறு நேர்வதில்லை. அசிட்டோன் என்னும் திரவத்தைத் தடவிப் பார்ப்போரும் உளர். அது ஏ.பி.எஸ். மூடியைக் கரைத்துவிடும், ஆதலின் அவ்வாறு செய்தல் வேண்டா.

இவற்றையெல்லாம் செய்தற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பலகையின் அடியிலுள்ள சீட்டைப் படிக்கவேண்டும். அடுத்து விசையை மெல்ல அழுத்தி ஒலியைக் கேட்கவேண்டும். பின்னர்க் கம்பி வளையத்தால் மூடியை நேர்மேலாக எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு மூடி பிற்காலத்தில் மாற்றப்பட்டிருத்தல் கூடுமாதலின், இரண்டு மூன்று விசைகளையேனும் ஒப்புநோக்கவேண்டும். மாடல் எம் பலகையின் அகத்தே உறுப்புகளைப் பிணைத்துள்ள பிளாஸ்டிக் தறையாணிகள் முதுமையால் உடையும் இயல்பின. ஆகையால் அகத்தைப் பிரித்தலை இறுதிவரை தள்ளி வைத்தல் நலம்.

பழைய விசைப்பலகைகள் நாள்தோறும் குப்பையில் சேர்கின்றன. அவற்றோடு அவற்றை ஆக்கிய பொறியாளர்தம் நுண்ணறிவும் மறைந்துபோகின்றது. நும் இல்லத்திலோ பள்ளியிலோ அத்தகைய பலகை ஒன்று கிடைக்குமாயின், அதனை எறியுமுன் ஒரு விசைமூடியை எடுத்து உள்ளே நோக்குங்கள். அதன் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். அது எவ்வகையினது என்று நீங்களே கூறமுடியும். பிறர் ஒட்டிய பெயரைப் படிப்பதோடு நில்லாமல், பொருளையே வினவி அதன் விடையைக் கேட்கும் பழக்கம், அறிவியல் பயில்வார்க்கெல்லாம் முதற்படியாகும்.