பார்க்கின்சன் நோய்: பழைய காய்ச்சல் காரணமாகுமா?

பார்க்கின்சன் நோய் உறுதிசெய்யப்பட்ட சில வாரங்களுக்குள், பெரும்பாலான குடும்பங்கள் கடந்த காலத்தைத் துருவி ஆராயத் தொடங்கிவிடுகின்றன. "இளவயதில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது; அதன் விளைவா இது?" "கொரோனா வந்துபோன மூன்றாம் மாதமே கை நடுங்கத் தொடங்கியது, அதுதான் காரணமா?" "பேரப்பிள்ளைகள் அவர் தட்டிலிருந்து எடுத்து உண்ணலாமா?" நரம்பியல் புறநோயாளர் பிரிவில் இத்தகைய கேள்விகள் அடிக்கடி எழுகின்றன.

இவற்றுள் கடைசிக் கேள்விக்கு ஐயத்திற்கு இடமின்றி விடை கூறலாம். பார்க்கின்சன் நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. தொடுவதாலும், ஒரே பாத்திரத்தில் உண்பதாலும், ஒரே படுக்கையில் உறங்குவதாலும் அது பரவாது. பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடமிருந்து விலக்கிவைக்க வேண்டியதில்லை. மற்ற இரு கேள்விகளுக்கும் விடை சற்று நீளமானது. மருத்துவ உலகமே நூறாண்டுகளுக்கும் மேலாக அக்கேள்விகளைக் கேட்டுவருகிறது.

நோயின் தொடக்கம் எப்போது?

நம் மூளைத்தண்டின் மேற்பகுதியில் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' எனப்படும் கருநிறப் பகுதி ஒன்று உள்ளது. உடல் அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருளை அங்குள்ள நரம்பணுக்கள் உற்பத்தி செய்கின்றன. பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் படிப்படியாக அழிகின்றன. எஞ்சிய அணுக்களில் ஆல்ஃபா சைனுக்ளின் என்னும் புரதம் கட்டிகட்டியாகத் தேங்குகிறது.

இந்த அழிவு ஓரிரு மாதங்களில் நிகழ்வதன்று. கை நடுக்கமும் நடைத்தளர்வும் வெளிப்படும் வேளையில், அணுக்களில் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் அறியும் ஆற்றல் குறைதல், மலச்சிக்கல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுதல் போன்ற அறிகுறிகள் பலரிடம் தோன்றியிருக்கும். ஆகவே, சில மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சல், பல ஆண்டுகளாக உள்ளே வளர்ந்துவந்த நோயைத் தொடங்கிவைத்திருக்க இயலாது. மறைந்திருந்த நோயை அது வெளிக்கொணர்ந்திருக்கலாம் என்பதே பெரும்பாலும் பொருத்தமான விளக்கம்.

வியன்னாவில் எழுந்த ஐயம்

வைரஸ் குறித்த ஐயத்திற்கு வித்திட்டது ஒரு பெருநோய். 1917ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகோனமோ, நோயாளிகளை நெடுநேர உறக்கத்தில் ஆழ்த்திய ஒருவகை மூளையழற்சியை விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் அது உலகின் பல பகுதிகளில் பரவிப் பின்னர் மறைந்தது. பிழைத்தவர்களில் பலருக்குச் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ பார்க்கின்சன் நோயை ஒத்த இறுக்கமும் அசைவின்மையும் ஏற்பட்டன. அவர்களுள் சிலர் பல பத்தாண்டுகள் சிலைபோல் வாழ்ந்ததையும், 1969இல் லெவோடோபா மருந்தால் மீண்டும் அசைந்ததையும் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் ஒரு நூலாகவே எழுதினார்.

1918இல் உலகை உலுக்கிய இன்ஃப்ளூயன்சாவும் அதே காலத்தில் பரவியதால், அந்த வைரஸே இதற்கும் காரணம் எனப் பலர் நம்பினர். ஆனால், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அந்நோயாளிகளின் மூளைத் திசுக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது இன்ஃப்ளூயன்சா வைரஸின் தடயம் கிடைக்கவில்லை. மேலும், அம்மூளைகளில் காணப்பட்ட மாற்றங்களும் இன்று நாம் காணும் பார்க்கின்சன் நோயின் மாற்றங்களிலிருந்து வேறுபட்டவை.

நம் ஊரிலும் ஒரு சான்று

வைரஸ் ஒன்று இந்தக் கருநிறப் பகுதியை நேரடியாகத் தாக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. அதுதான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் அது முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள், பன்றிகளிடமிருந்தும் கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்தும் இந்த வைரஸை மனிதருக்குக் கொண்டுவருகின்றன. இதிலிருந்து பிழைத்த சிலருக்கு, காய்ச்சல் தணிந்து உணர்வு திரும்பும்போதே முகபாவம் குன்றுதல், உடல் இறுக்கம், அசைவில் மந்தம் ஆகியவை புலப்படுகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் உள்ளிட்டோர் இதைப் பதிவு செய்துள்ளனர்.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். மூளைக்காய்ச்சலுக்குப் பின் வருவதை மருத்துவர்கள் 'பார்க்கின்சனிசம்' என்பர். அதாவது, அந்நோயை ஒத்த அறிகுறிகளின் தொகுதி. அது காய்ச்சலை ஒட்டியே தோன்றும்; பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு முற்றுவதில்லை; பலருக்குக் காலப்போக்கில் குறையவும் செய்யும். நடுத்தர வயதிலோ முதுமையிலோ ஒரு பக்கத்தில் மெல்லத் தொடங்கி, ஆண்டுதோறும் வளரும் பார்க்கின்சன் நோய் வேறு.

ஆய்வுகள் கூறுவது என்ன?

டென்மார்க்கில் 10,000க்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளின் பழைய மருத்துவப் பதிவுகளை, அதே வயதும் பாலினமும் கொண்ட பிறருடைய பதிவுகளுடன் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. பத்தாண்டுகளுக்கு முன் மருத்துவமனையில் இன்ஃப்ளூயன்சா எனக் கண்டறியப்பட்டவர்களிடம் பார்க்கின்சன் நோய் ஏற்படும் வாய்ப்பு சுமார் 1.7 மடங்காக இருந்தது. தைவானில் 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்று உள்ளவர்களிடம் இந்த வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. 2025இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீங்கற்றது எனக் கருதப்பட்டுவந்த பெகிவைரஸை, இறந்த 10 பார்க்கின்சன் நோயாளிகளுள் 5 பேரின் மூளையில் கண்டனர். ஒப்பீட்டுக்கு எடுத்த 14 மூளைகளில் ஒன்றிலும் அது இல்லை.

இவை கவனத்திற்குரிய செய்திகளே. ஆனால் உடனிகழ்வு வேறு, காரணம் வேறு. மழைக்காலத்தில் குடை விற்பனையும் கூடுகிறது, டெங்குவும் கூடுகிறது. குடை டெங்குவை உண்டாக்குவதில்லை. மேலும், 1.7 மடங்கு என்பது அச்சுறுத்தும் எண்ணாகத் தோன்றினாலும், இன்ஃப்ளூயன்சா கண்ட மிகப் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் நோய் வருவதே இல்லை. பெகிவைரஸ் ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட மூளைகளோ மிகச் சில.

வைரஸுக்குப் பங்கு இருக்குமானால், அது எந்த வழியில் நேரும்? ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்த கருத்து இங்கு உதவுகிறது. பலரிடம் நோய் மூளையில் அன்றி, மூக்கின் நரம்புகளிலோ குடலின் நரம்புகளிலோ தொடங்கி, மெல்ல மேலேறி மூளையை அடைகிறது என்றார் அவர். மூக்கும் குடலும் வெளியுலகுக்குத் திறந்திருக்கும் வாயில்கள். வைரஸ்கள் நுழையும் வழியும் அவையே. எலிகளில் நடந்த ஆய்வுகளோ, ஆல்ஃபா சைனுக்ளின் புரதமே மூளையை வைரஸ்களிடமிருந்து காக்க உதவுகிறது என்று காட்டியுள்ளன. காவலுக்குக் குவிந்த புரதம், ஆபத்து நீங்கிய பின்னும் கலையாமல் தேங்கிவிடுகிறதோ என்பது ஆய்வாளர்கள் இப்போது எழுப்பும் கேள்வி.

இன்றைய அறிவின்படி ஒன்றை மட்டும் கூறலாம். முதுமை, மரபணு, பூச்சிக்கொல்லி போன்ற நச்சுகள் எனப் பல கூறுகள் ஒன்றுசேரும்போதே இந்நோய் உருவாகிறது. சிலரிடம் தொற்றும் அக்கூறுகளுள் ஒன்றாக இருக்கலாம். தனியொரு காய்ச்சலின்மீது முழுப் பழியையும் சுமத்த இயலாது.

வைரஸ் மருந்து ஏன் தரப்படுகிறது?

அமான்டடின் மாத்திரை உட்கொள்ளும் சிலர், அது வைரஸுக்கு எதிரான மருந்து என்று படித்துவிட்டுத் திகைக்கின்றனர். அம்மருந்து இன்ஃப்ளூயன்சாவைத் தடுக்கவே முதலில் பயன்பட்டது. 1968இல் அமெரிக்காவில் பார்க்கின்சன் நோய் கொண்ட 58 வயதுப் பெண்மணி ஒருவர், காய்ச்சலைத் தடுக்க அதை உட்கொண்ட காலத்தில் தம் இறுக்கமும் நடுக்கமும் குறைந்ததையும், நிறுத்தியதும் அவை திரும்பியதையும் மருத்துவரிடம் கூறினார். அதிலிருந்தே அதன் புதிய பயன் தெரியவந்தது. அது வைரஸை அழிப்பதால் இங்கே பயன்படுவதில்லை. மூளையின் வேதிச் செய்திப் பரிமாற்றத்தைச் சீராக்குவதால் பயன்படுகிறது. ஆகவே, இதனை முன்மாதிரியாகக் கொண்டு வேறு வைரஸ் மருந்துகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளுதல் கூடாது.

இன்று கவனிக்க வேண்டிய தொற்று

பழைய காய்ச்சலைவிட, இனி வரக்கூடிய தொற்றே நோயாளிக்கும் உடனிருந்து பேணுவோருக்கும் முதன்மையான கவலையாக இருக்க வேண்டும். நேற்று வரை நடந்தவர் திடீரெனப் படுக்கையை விட்டு எழ இயலாமற்போனாலோ, குழப்பமாகப் பேசினாலோ, 'நோய் முற்றிவிட்டது' என்று முடிவு செய்துவிடாதீர்கள். சிறுநீர்த்தொற்றோ நிமோனியாவோ பல வேளைகளில் இவ்வாறு வெளிப்படும். முதியோரிடம் காய்ச்சல் தெரியாமலும் இருக்கலாம். தொற்றைக் கண்டறிந்து குணப்படுத்தினால், இழந்த இயக்கத்தின் பெரும்பகுதி பெரும்பாலும் திரும்பும்.

பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்:

• காய்ச்சல் வந்தாலும் பார்க்கின்சன் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது கடும் இறுக்கத்தையும் உயிருக்கு ஆபத்தான காய்ச்சலையும் உண்டாக்கக்கூடும். மாத்திரையை விழுங்க இயலாவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

• வேறு சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தால், மாத்திரைகளின் பெயரும் உட்கொள்ளும் நேரமும் எழுதிய தாளை உடன் கொண்டுசெல்லுங்கள்.

• வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு மருந்து வேண்டா. அது பார்க்கின்சன் அறிகுறிகளைக் கடுமையாக்கும். மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

• உண்ணும்போது புரையேறினால் அதைச் சிறு செய்தியாகக் கருதாதீர்கள். நிமிர்ந்து அமர்ந்து, சிறிது சிறிதாக உண்ணச் செய்யுங்கள். விழுங்கும் பயிற்சிக்கு எங்களை அணுகுங்கள்.

• ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும், நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசியும் குறித்து உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

• ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவும் மாவட்டங்களில் குழந்தைகளுக்கு 9 மாதம் நிறைந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதங்களுக்குள் மறு தவணை எனத் தடுப்பூசி போடப்படுகிறது. தவறாமல் போட்டுக்கொள்ளச் செய்யுங்கள்.

"அன்று அந்தக் காய்ச்சலை நன்கு கவனித்திருந்தால் இந்நோய் வந்திராதோ" என்று வருந்தும் மனைவியரும் மக்களும் பலர். அப்படி எண்ணுவதற்கு மருத்துவ அறிவில் எந்த ஆதாரமும் இல்லை. நடந்துபோன காய்ச்சலுக்கு எவரும் பொறுப்பில்லை. இன்றைய மாத்திரையை நேரத்தில் கொடுப்பதும், வருகின்ற தொற்றைக் காலத்தில் கண்டுகொள்வதும் உங்கள் கையில் உள்ளன. அவற்றின் பயன் பெரிது.