வாடகைக்கு வருபவர் 'செய்து கொடுங்கள்' என்றால்...

நம் வணிகர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு கடையோ கிட்டங்கியோ இருக்கிறது, வாடகைக்கு விடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன், கொக்கிரகுளம் பகுதிகளில் புகுந்த பிறகு, கடை பார்க்க வருபவர் முதலில் தரை மட்டத்தைப் பார்க்கிறார். "தரையை உயர்த்துங்கள், ஷட்டரை மாற்றுங்கள்" என்கிறார். அரிசி, சீனி மூட்டை அடுக்குபவர் கேட்பது நியாயமே. உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே கொத்தனாரை அழைக்கவும் வேண்டாம். கேட்கும் வேலைகளை மூன்றாகப் பிரித்துக் கொள்வோம்.

1. கட்டிடத்திற்கு எப்படியும் வேண்டியவை: கட்டிடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் இவை உரிமையாளர் பொறுப்பு என்கிறது, 22-2-2019 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017). குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு ஆகியவை வாடகைதாரரைச் சேர்ந்தவை.

2. யார் வந்தாலும் பயன்படுபவை: தரை உயர்த்துதல், புது ஷட்டர். இவற்றை வாடகையில் கூட்டிச் செய்யலாம்.

3. அவர் தொழிலுக்கு மட்டும் உரியவை: அலமாரி, குளிர்பெட்டி, பெயர்ப் பலகை. இவை அவர் செலவு. காலி செய்யும்போது எடுத்துக் கொள்ளட்டும்; கட்டிடத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாவது வகையில்தான் கணக்கு வேண்டும். தரைக்கு ரூ.60,000 செலவு என்று வைத்துக் கொள்வோம். மாதம் ரூ.1,000 கூட்டினால் பணம் திரும்ப 5 ஆண்டு ஆகும். 11 மாதத்தில் அவர் போய்விட்டால் வந்தது ரூ.11,000 மட்டுமே, ரூ.49,000 நம் தலையில். ஆனாலும் தரை நமக்கே நிற்கிறது, அடுத்தவருக்கும் பயன்படும். ஆகவே முழுச் சுமையையும் அவர் மேல் ஏற்றுவதும் முறையல்ல. குறைந்தது இத்தனை ஆண்டு இருக்க வேண்டும், முன்னதாகக் காலி செய்தால் மீதிச் செலவில் இவ்வளவு தர வேண்டும் என்று பேசி முடிப்பதே நல்லது.

பேசியதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். என்ன வேலை, யார் செலவு, எந்தத் தேதிக்குள், எப்போதிலிருந்து கூடுதல் வாடகை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்டதானால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். அட்வான்ஸ், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. அதிகம் வாங்குவதானால் அதையும் எழுதுங்கள். கையெழுத்தும் அட்வான்ஸும் ஆன பிறகே சிமெண்ட் இறங்கட்டும்.

ஒரே பஜாரில் தினமும் முகம் பார்ப்பவர்கள் நாம். எழுத்து சுத்தமாக இருந்தால் உறவும் சுத்தமாக இருக்கும்.