ஓட்டுக் கூரையும் வெயில் வெந்நீர்க் குழாயும்

கதிரவன் வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் சாதனங்களை மும்பையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று பல வீடுகளின் மேல் காண்கிறோம். அம்பர்நாத்தில் வாழும் நம்மவருள்ளும் இதனை அமைத்துக்கொள்ள விரும்புவோர் உளர். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் மின்சாரச் செலவின்றி வெந்நீர் கிடைப்பதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆயினும் பழைய ஓட்டு வீடுகளில் இருப்போர் முதலில் கேட்பது வெந்நீரைப் பற்றியன்று. "குழாய்க்காக ஓட்டைத் துளைத்தால் ஒழுகாதா?" என்பதே அவர்கள் கேள்வி.

அந்த அச்சம் நியாயமானதே. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவினது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் மும்பை சாந்தாகுருசில் மட்டும் 944 மில்லிமீட்டர் பெய்தது. நம் ஊர் மழையை மனத்திற் கொண்டு இங்கே கூரையைத் துளைக்கலாகாது. அன்றியும் இங்கு வேறொரு சங்கடம் உண்டு. வெயிலை வாங்கும் தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். இப்பகுதியில் ஆடி மாதத்து மழைக் காற்றோ மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசுகிறது. முகடு கிழக்கு மேற்காக ஓடும் வீட்டில், கதிரவன் விரும்பும் தென் சரிவே காற்றும் மழையும் அறையும் சரிவாகிவிடுகிறது. துளையை அங்கேயே இடுவது, வாசலைத் திறந்து வைத்து வெள்ளத்தை அழைப்பதற்கு ஒப்பாகும்.

ஓட்டுக் கூரை எவ்வாறு மழையைத் தடுக்கிறது என்பதைச் சற்று நோக்குவோம். நாம் சீமை ஓடு என்றும் மராத்திய அயலார் கௌல் என்றும் கூறும் மங்களூர் ஓட்டினை, 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஆலை நிறுவிச் செய்யத் தொடங்கினர். நம் கிராமத்து நாட்டு ஓடாயினும், காங்கிரா மலைச்சாரலில் வேயும் பலகைக் கல்லாயினும் விதி ஒன்றே: மேல் வரிசையின் அடிவிளிம்பு கீழ் வரிசையின் தலைமீது படிந்திருக்கும். அவற்றை ஒட்டவைக்கும் பசை ஏதுமில்லை. கூரை நீரை அடைத்து நிறுத்துவதில்லை, வழிய விடுகிறது. ஆகவே குழாயும் அவ்விதிக்கு உட்பட்டே நுழைதல் வேண்டும்.

பலர் செய்வது இதற்கு மாறானது. ஓட்டில் துளையிட்டுக் குழாயைச் செருகிச் சுற்றிலும் சிமெண்டையோ தாரையோ அப்பிவிடுகின்றனர். வெந்நீர்க் குழாய் அசையாத பொருளன்று. மூன்று மீட்டர் இரும்புக் குழாய் 50 பாகை சூடேறினால் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளும். செம்புக் குழாயாயின் இரண்டரை. பகலில் நீண்டு இரவில் சுருங்கும் குழாய், தன்னைப் பற்றிய சிமெண்டை நாள்தோறும் அசைத்துப் பிளக்கிறது. சித்திரை வெயிலில் தாரும் வறண்டு வெடிக்கிறது. கார்த்திகையில் வேலை முடித்துக் கூலி பெற்றுச் சென்றவரின் குறை அடுத்த ஆனியில்தான் வெளிப்படும். அதுவும் உடனே அன்று. நீர் துளைக்கு நேர் கீழே சொட்டாது. ரீப்பர்க் கட்டையின் வழியே ஓடி, வேறோர் அறையில் அரிசி மூட்டையின் மீது வீழும். சொட்டும் இடத்தைப் பார்த்து ஓட்டை மாற்றி மாற்றிச் சலித்தவர் பலர். அதற்குள் கட்டை உளுத்துவிடும்.

துளையே இடாதிருப்பது முதல் வழி. தகட்டுக்கும் தொட்டிக்கும் இடையே நீர் தானே சுற்றிவரும் குழாய்கள் முற்றிலும் வெளியிலேயே இருக்கலாம். வீட்டினுள் வரவேண்டியது வெந்நீர்க் குழாய் மட்டுமே. குளிர்நீர்க் குழாயும் உள்ளிருந்து செல்வதாயின் இரண்டு. இவற்றைக் கிழக்குப் பக்கத்து முக்கோணச் சுவரில், இறவாரத்தின் நிழலில் நுழைத்தால் போதும். நுழையுமுன் குழாயைத் துளையினும் தாழ வளைத்து, பின் சற்றே ஏறச் செய்க. குழாய்மேல் ஓடிவரும் மழைநீர் அவ்வளைவின் அடியில் சொட்டிவிடும். நம் கோயில்களில் சுவருக்கு வெளியே வளைந்து நீண்ட கபோதம் மழைநீரைச் சுவரில் வழியவிடாது அப்பால் உதிர்ப்பதும் இம்முறையிலேதான்.

கூரை வழியன்றி வேறு வழியில்லையாயின், காற்றுப் படாத வட சரிவில், முகட்டுக்கு அண்மையில் இடம் தேர்க. முகட்டை நெருங்க நெருங்க மேலிருந்து வரும் நீர் குறைவு. அகன்ற ஈயத் தகடு ஒன்றில் ஒரு சாண் உயரக் குழல் பற்றவைத்து, தகட்டின் மேல்விளிம்பு மேல் ஓட்டுக்கு அடியிலும் கீழ்விளிம்பு கீழ் ஓட்டின் மேலும் அமையுமாறு பரப்புதல் வேண்டும். வெந்நீர்க் குழாய் அக்குழலுக்குள் தளர்வாகச் செல்லட்டும். குழாயின்மேல் குடைபோன்ற மூடியொன்றை இறுகப் பொருத்தி, குழலின் வாயைக் கவித்துவிட்டால், குழாய் நீளலாம், சுருங்கலாம், நீர் புகாது. செம்புக் குழாயின் கீழ் துத்தநாகம் பூசிய தகட்டை இடலாகாது. செம்பின்மேல் வழிந்த நீர் துத்தநாகத்தை அரித்துவிடும்.

சிமெண்டு அட்டைக் கூரையாயின் துளை அலையின் மேட்டிலே வரவேண்டும், பள்ளத்தில் அன்று; கொக்கி ஆணி அடிக்கும் தச்சர் இதனை நன்கறிவர். பழைய அட்டைகளில் கல்நார் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்வதால், துளைக்காது சுவர் வழியையே நாடுக. மொட்டை மாடியுள்ளோர் தளத்தில் ஆணி இறக்காமல், சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் சாதனத்தை நிறுத்துவதே தக்கது.

நூறு லிட்டர் தொட்டியின் நீர் மட்டுமே நூறு கிலோ எடையாகும். அதனை ஓட்டின் மீதோ உளுத்த கைமரத்தின் மீதோ ஏற்றாமல், அதன் கால்களைச் சுவரின் தலையில் ஊன்றுக.

வேலை முடிந்ததும் பணியாளரை அனுப்பிவிடாதீர்கள். ஒருவர் உள்ளே விளக்குடன் நிற்க, மற்றவர் நீரை முதலில் துளைக்குக் கீழேயுள்ள ஓட்டில் ஊற்றி, சிறிது சிறிதாக மேலேறி வரட்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே புகுந்தது என்று தெரியாது. ஒவ்வோரிடத்திலும் கால் மணி நேரமாவது ஊற்றுதல் வேண்டும். ஜூன் மாதம் பிறக்குமுன், ஓடு உலர்ந்திருக்கும்போதே இதனை மற்றுமொரு முறை செய்து பார்த்துவிடுக. மழை தொடங்கியபின் வழுக்கும் ஓட்டின்மேல் யாரையும் ஏற்றுவதற்கில்லை.