உஷார்! 'டி செல் லுக்கேமியா' என்றால் எந்த டி செல் லுக்கேமியா?

ரிப்போர்ட்டில் 'டி செல் லுக்கேமியா' என்று மட்டும் இருக்கிறதா? அதோடு நிற்காதீர்கள்! அது ஒரே நோய் இல்லை. ஒரு வகை வருஷக்கணக்கில் சாதுவாகக் கிடக்கும். இன்னொன்று சில மாதங்களில் ஆளைச் சாய்த்துவிடும்.

தெரிந்த குடும்பத்தில் நடந்தது. 60 தாண்டியவர். சுகர் செக்கப்புக்குப் போன இடத்தில் வெள்ளையணு 40 ஆயிரம். பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியது! ரிப்போர்ட்டில் 'டி செல் லுக்கேமியா' என்று மட்டும். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. "எங்க மாமாவுக்கும் இதேதான். மருந்தே இல்லாம நல்லா இருக்கார்" என்று யாரோ சொல்ல, இவரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

மாமாவுக்கு இருந்தது சாதுவான எல்ஜிஎல் வகை. இவருக்கு வேகமாகச் சாய்க்கும் டி-பிஎல்எல்! சில வாரங்களில் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கெட்டியாகப் புடைத்துக்கொண்டது. இரண்டு வாய் சோற்றிலேயே வயிறு அடைத்தது. வெள்ளையணு இரண்டு லட்சம். அதன் பிறகுதான் சரியான பெயரே தெரிந்தது. சிலருக்கு இந்த நோய் ஆரம்பத்தில் அமைதியாக இருந்து ஏமாற்றும். தயவுசெய்து ஏமாந்துவிடாதீர்கள்.

எல்ஜிஎல் பெரும்பாலும் நியூட்ரோபில் அணுக்களைக் குறைக்கும். அடிக்கடி காய்ச்சல், ஆறாத வாய்ப்புண், கூடவே பழைய முடக்குவாதம் இருந்தால் கவனியுங்கள். இதற்குப் பலருக்கு மூட்டுவலிக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையே, குறைந்த அளவில், முதல் மருந்து. பெயரைக் கேட்டே பாதி உயிர் போய்விட வேண்டாம்.

ஆனால் வெள்ளையணு வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா? மண்ணீரல் வீங்குகிறதா? தோலில் தடிப்பு, நெறிகட்டி, நெஞ்சில் நீர் தெரிகிறதா? ஒரு நாளும் தள்ளாதீர்கள்! ரத்தநோய் மருத்துவரிடம் போய், "ஃப்ளோ சைட்டோமெட்ரி பார்த்தாச்சா? மரபணு சோதனை வேணுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்லவே முடியாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ஹெச்டிஎல்வி-1 வைரஸால் வருவது; தென்மேற்கு ஜப்பானிலும் கரீபியன் தீவுகளிலும் அதிகம். 1977-ல் ஜப்பானிய மருத்துவர்கள்தான் இதைத் தனி நோயாக எழுதினார்கள். தாய்ப்பாலிலும் உடலுறவிலும் ரத்தத்திலும் பரவும் வைரஸ் அது. அந்தப் பக்கம் பிறந்தவர்கள், வாழ்ந்தவர்கள் இதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இந்த நோயில் கால்சியம் தாறுமாறாக ஏறலாம். தீராத தாகம், மலச்சிக்கல், திடீர்க் குழப்பமான பேச்சு என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்!