பிட்சைத் திருப்பிய மைதானம்

மழை வந்தால் கிரிக்கெட் ஆட்டம் நிற்கும். இருட்டினாலும் நிற்கும். இது உங்களுக்குத் தெரியும். ஆனால், வெயில் அடித்தால் ஆட்டம் நிற்குமா? நின்றிருக்கிறது! அதுவும் மழைக்குப் பேர்போன மான்செஸ்டரில்.

இங்கிலாந்தில் ‘கவுண்டி’ என்று சொல்வது, தமிழில் நாம் சொல்லும் மாவட்டம் மாதிரி. அங்கே 18 பெரிய கவுண்டி அணிகள் உள்ளன. அவற்றில் ஒன்று லங்காஷயர். அதன் மைதானம் மான்செஸ்டரில் உள்ள ஓல்ட் டிராஃபோர்ட். அதே பெயரில் பக்கத்தில் ஒரு கால்பந்து மைதானமும் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீங்க! கிரிக்கெட் மைதானம் 1857இல் திறக்கப்பட்டது. இலங்கையின் முத்தையா முரளிதரன்கூட லங்காஷயர் அணிக்காக ஆடியிருக்கிறார்.

சரி, வெயிலால் என்ன பிரச்சினை?

பிட்ச் என்பது மைதானத்தின் நடுவில் இருக்கும் நீளமான ஆடுகளம். அதன் நீளம் சுமார் 20 மீட்டர். ஓல்ட் டிராஃபோர்டில் அது கிழக்கு மேற்காக இருந்தது. சூரியன் மேற்கே மறையும், இல்லையா? அதனால் மாலையில் மேற்குப் பக்கம் பார்த்து நிற்கும் பேட்ஸ்மேனுக்குக் கண் கூசும். வேகப்பந்து அவரிடம் வந்து சேர அரை நொடிதான் ஆகும். பந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடி பட்டுவிடும். அதனால்தான் நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிட்ச் வடக்கு தெற்காக இருந்தால் மாலைச் சூரியன் பக்கவாட்டில் இருக்கும். கண்ணுக்கு நேராக வராது.

இன்னொரு கவலையும் இருந்தது. மைதானத்தின் வசதிகள் பழையதாகிவிட்டன. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடும் டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ் என்று பெயர். 2009இல் நடந்த ஆஷஸ் தொடரில் ஒரு டெஸ்ட் போட்டிகூட ஓல்ட் டிராஃபோர்டுக்குக் கிடைக்கவில்லை. பெரிய போட்டி இல்லையென்றால் டிக்கெட் பணம் வராது. பணம் இல்லையென்றால் மைதானத்தை எப்படிக் காப்பாற்றுவது? யோசிச்சுப் பாருங்க.

அதனால் மைதானத்தைப் புதுப்பிக்க முடிவு செய்தார்கள். 2010ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் பிட்சைத் திருப்பும் வேலை தொடங்கியது. கம்பளத்தைச் சுருட்டித் திருப்பிப் போடுவது போல இதைச் செய்ய முடியாது. வடக்கு தெற்காகப் புதிய பிட்சுகள் போட வேண்டும். களிமண் நிறைந்த மண்ணைப் போட்டு, புல் வளர்த்து, ரோலரால் அழுத்த வேண்டும். மண் இறுகவும் புல் வேர் பிடிக்கவும் பல மாதங்கள் ஆகும். அவசரப்பட்டால் பந்து ஒழுங்காக எழும்பாது.

அதுவரை அணி எங்கே ஆடியது? 2011இல் கவுண்டி சாம்பியன்ஷிப் போட்டிகள் பலவற்றை லிவர்பூலில் ஆடியது. சொந்த வீட்டில் வேலை நடக்கும்போது சொந்தக்காரர் வீட்டில் தங்குவோமே, அது மாதிரி! அந்த வருடம்தான் லங்காஷயர் சாம்பியன் ஆனது. 1950இல் அது இன்னோர் அணியோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. தனியாக வென்றது 1934க்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

மைதானத்தில் பெவிலியன் என்றொரு கட்டடம் உண்டு. அது 1895இல் செங்கல்லால் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அதன் மேல் குண்டு விழுந்தது. பிறகு அதைச் சரி செய்தார்கள். ‘பழசுதானே, இடித்துவிடலாம்’ என்று இப்போதும் நினைக்கவில்லை. பழைய செங்கல் சுவரை வைத்துக்கொண்டு, உள்ளே மாற்றி அமைத்தார்கள். மேலே கண்ணாடியால் புதிய பகுதி கட்டினார்கள். வீரர்களுக்குத் தனியாகப் புதிய கட்டடமும் வந்தது. இரவில் ஆட நிரந்தர விளக்குகளும் வந்தன.

பிட்ச் திரும்பியதால் பெவிலியனுக்கும் ஒரு லாபம். முன்பு அங்கிருந்து பார்த்தால் ஆட்டம் பக்கவாட்டில் தெரியும். இப்போது பந்து வீசுபவரின் பின்னாலிருந்து நேராகப் பார்க்கலாம். கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, காட்சிதான் மாறிவிட்டது!

புதுப்பிப்பது என்றால் எல்லாவற்றையும் இடிப்பது இல்லை. எது தொந்தரவு தருகிறதோ அதை மாற்ற வேண்டும். எது மக்களுக்குப் பிரியமானதோ அதைக் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டமான வேலை.

2013 ஆகஸ்டில் ஆஷஸ் டெஸ்ட் ஓல்ட் டிராஃபோர்டுக்குத் திரும்பி வந்தது. வெயில் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் கடைசி நாளில் ஆட்டத்தை நிறுத்தியது எது தெரியுமா? மழை! அதைத் திருப்பி வைக்க யாராலும் முடியாதே.

நீங்கள் செய்து பாருங்கள்: உங்கள் பள்ளி மைதானத்தில் மாலை வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது? அங்கே ஒரு பிட்ச் போட்டால் எந்தத் திசையில் போடுவீர்கள்? படம் வரைந்து, காரணத்தைத் தமிழில் சொல்லுங்கள்.