பாறையைப் பார்க்க காலை 6 மணிக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? மதுரை மரபு நடைகளின் கதை

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. மதுரையிலிருந்து பைக்கிலும் வேனிலுமாக ஒரு கூட்டம் ஊருக்கு வெளியே கிளம்புகிறது. கோயில் திருவிழாவும் இல்லை, கிரிவலமும் இல்லை. கீழக்குயில்குடி, யானைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி என ஏதாவது ஒரு குன்றின் அடிவாரத்தில் கூடுவார்கள். மேலே ஏறி, பாறையில் வெட்டிய எழுத்துகளையும் சமணர் படுக்கைகளையும் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் பேசுவார். அப்புறம் இறங்கி வந்து சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான்.

'இதுக்கா இவ்வளவு பேர்?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கடந்த சில வருடங்களில் மதுரையைச் சுற்றி நடந்ததைப் பார்த்தால், இந்த நடைகளை வெறும் வீக் எண்ட் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

எங்கே தொடங்கியது?

மதுரையில் இதற்குப் பெயர் வாங்கித் தந்தது 'பசுமை நடை'. எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் 2010-ல் தொடங்கியது. அந்த நேரத்தில் யானைமலையைக் குடைந்து 'சிற்ப நகரம்' அமைக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. ஒத்தக்கடை, நரசிங்கம் பகுதி மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. மலையைக் காப்பாற்றணும்னா முதலில் அதில் என்ன இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியணும் என்கிற யோசனைதான் மாதா மாதம் நடக்கும் நடையாக மாறியது. தொல்லியல் அறிஞர் சொ.சாந்தலிங்கம் மலையிலேயே நின்று வரலாறு சொன்னார்.

சரி, யானைமலையில் அப்படி என்ன இருக்கு? மேலே சமணர் படுக்கைகளும், அதை ஒட்டி ஒரு தமிழி கல்வெட்டும் இருக்கின்றன. அந்தக் கல்வெட்டு மலையை 'இவகுன்றம்' என்கிறது. 'இவம்' என்றால் யானை. இன்றைக்கு பஸ் ஜன்னலில் பார்த்து 'யானை படுத்திருக்கிற மாதிரியே இருக்குல்ல' என்று நாம் சொல்வதை 2,000 வருடங்களுக்கு முன்பே ஒருத்தர் சொல்லி, அதைக் கல்லிலும் வெட்டிவைத்திருக்கிறார்! அடிவாரத்தில் இருக்கும் நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770-ல் பாண்டிய அமைச்சர் மாறன் காரி தொடங்கியது. அவர் இறந்த பிறகு தம்பி மாறன் எயினன் முடித்தார். இதுவும் கல்வெட்டில் இருக்கிறது.

இதை நம் ஸ்கூல் பாடத்தில் படித்த ஞாபகம் எனக்கு இல்லை. அங்கே நேரில் நின்று கேட்டால் மறக்காது.

மலையில் எதைப் பார்ப்பது?

முதல் தடவை போகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி பிரமாண்டம் எதுவும் கிடையாது. ஒரு குகை, அதில் ஆள் படுக்கும் அளவுக்கு வழுவழுப்பாகச் செதுக்கிய கல் படுக்கைகள். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் அந்தக் காடியிலேயே தடுத்து வெளியே சொட்ட வைக்கும் ஏற்பாடு. பல இடங்களில் கல்வெட்டு இந்தக் காடியை ஒட்டியே இருக்கும். படுக்கை செய்து கொடுத்தவர் யார், எந்த ஊர், யாருக்காக என்ற விவரம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிதான்.

மாங்குளத்தில் இருக்கும் கல்வெட்டுகளில் ஒன்று நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைச் சொல்கிறது. ராபர்ட் சீவெல் 1882-ல் கண்டறிந்தவை அவை. ஆனால் அதில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னது 1924-ல். கண்ணுக்கு முன்னால் இருந்தும் 42 வருடம் பிடித்தது.

இதனால் மலைக்கு என்ன லாபம்?

இதற்கு அரிட்டாபட்டிதான் நல்ல உதாரணம். மேலூர் பக்கம், சின்ன ஊர். சுற்றிலும் குன்றுகள், ஆனைகொண்டான் கண்மாய். தமிழி கல்வெட்டுகள், அச்சணந்தி செய்வித்த மகாவீரர் சிற்பம், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதில் தமிழ்நாட்டில் அபூர்வமான இலகுலீசர் சிற்பம்... எல்லாம் ஒரே ஊரில். லகர் வல்லூறு, ராஜாளி போன்ற அரிய பறவைகளும் இங்கே உண்டு. கிரானைட் குவாரியை எதிர்த்து ஏற்கெனவே போராடிய ஊர் இது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று அரசு அறிவித்தது. பரப்பு 193.42 ஹெக்டேர்.

இரண்டே வருடம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. அந்த ஏலப் பகுதிக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. மொத்தம் சுமார் 20 சதுர கிலோமீட்டர்.

அடுத்த இரண்டரை மாதம் என்ன நடந்தது என்பது செய்தி பார்த்தவர்களுக்குத் தெரியும். கிராம சபைகளில் தீர்மானம், டிசம்பர் 9-ம் தேதி சட்டப்பேரவையில் தீர்மானம். டிசம்பர் கடைசியில் மத்திய அரசு, பல்லுயிர்த் தலம் இருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று ஆராயச் சொன்னது. மக்கள் அதை ஏற்கவில்லை. ஜனவரி 7-ம் தேதி ஆயிரக்கணக்கானோர் மதுரைக்குள் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23-ம் தேதி ஏலமே ரத்து. மத்திய அரசின் அறிவிப்பிலேயே அந்தப் பகுதியின் பண்பாட்டுச் சின்னங்கள் காரணமாகக் குறிப்பிடப்பட்டன.

நடை போனவர்கள்தான் சுரங்கத்தை நிறுத்தினார்கள் என்று எழுதினால் அது பொய். நிறுத்தியது வயலும் தண்ணீரும் போய்விடும் என்று பயந்து தெருவுக்கு வந்த விவசாயிகள். ஆனால் அரிட்டாபட்டி என்ற பெயரைக் கேட்டதும், 'அங்க தமிழி கல்வெட்டு இருக்கே, மகாவீரர் சிற்பம் இருக்கே' என்று வெளியூர்க்காரர்களும் டிவி விவாதத்தில் பேசினார்கள். அந்த விவரம் நூலகத்தில் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சட்டம் இருக்கே, அது போதாதா?

மத்திய அரசின் 1958-ம் ஆண்டு சட்டமும், தமிழ்நாட்டின் 1966-ம் ஆண்டு சட்டமும் தொல்லியல் சின்னங்களைப் பாதுகாக்கின்றன. மத்தியச் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது; அதைத் தாண்டி 200 மீட்டர் வரை அனுமதி வாங்கணும்.

சிக்கல் 'பாதுகாக்கப்பட்ட' என்ற வார்த்தையில் இருக்கிறது. பட்டியலில் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. வயல் வரப்பில் கிடக்கும் நடுகல்லுக்கும், குவாரி ஓரத்தில் இருக்கும் கல்வட்டத்துக்கும் அந்த ஊர்க்காரர்கள்தான் காவல். கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் கிணறு வெட்டியபோது கிடைத்த பொருட்களை மாணவர்கள் கொண்டுவந்து கொடுக்க, அதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். முறையான அகழாய்வு தொடங்கியது 2015-ல்தான்.

கூட்டம் போனால் கெடுதல் இல்லையா?

இருக்கு. கல் படுக்கையில் காதலர் பெயர் செதுக்குவது, பெயின்ட் அடிப்பது, பாட்டில் உடைப்பது எல்லாம் இந்த மலைகளில் பார்க்கக்கூடிய காட்சிதான். நல்ல எண்ணத்தில் செய்யும் தப்பும் உண்டு. எழுத்து சரியாகத் தெரியணும் என்று சாக்பீஸ் தேய்ப்பார்கள். ரீல்ஸுக்கு நன்றாக வரும், கல்லுக்கு நல்லதில்லை.

நான் போகணும்னா?

ஏப்ரல் 18 உலக மரபுச் சின்ன நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்த நாட்களில் தொல்லியல் துறையும் கல்லூரிகளும் கண்காட்சி, நடை என்று ஏதாவது வைப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே, 2004-லிருந்து நடக்கிறது.

மலைக்குப் போவதாக இருந்தால் தண்ணீர் பாட்டிலும் நல்ல பிடிமானம் உள்ள செருப்பும் வேணும். முக்கியமாக, லேட்டாகப் போகாதீர்கள். இந்த எழுத்துகள் ஆழமில்லாதவை. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் கோடுகளில் நிழல் கட்டி, எழுத்து தெளிவாகத் தெரியும். முன்பக்கம் வெயில் படாத குகை என்றால் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், அதே வேலையைச் செய்யும். உச்சி வெயிலில் போய் நின்றால் அதே இடத்தில் வெறும் பாறைதான் தெரியும்.